ரெக்சினுக்குள் இருக்கும் மளிகைச் சரக்கு



2015-ஆம் ஆண்டு டிசம்பர் மழையைச் சென்னை வியாபாரிகள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ராயபுரத்தில் நமது குடோனுக்குள் வெள்ளம் புகவில்லை. ஆனால் தரையெல்லாம் ஓதம் ஏறிவிட்டது. அப்போது கையிருப்பில் பன்னிரண்டு மூட்டைக் கொப்பரை இருந்தது. சாக்கு நனைந்து பூஞ்சணம் பிடிக்குமுன் பிரித்துக் கொட்டி ஆறவிட வேண்டும். தார்ப்பாய்க்கு அலைந்தால் ஊரில் எங்கும் தார்ப்பாய் இல்லை. நம் மைத்துனர் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் கார் சீட் கவர் கடை வைத்திருக்கிறார். அவரிடம் விலைபோகாமல் கிடந்த ரெக்சின் சுருள்களை வாங்கி வந்து தரையில் விரித்து, அதன்மேல் கொப்பரையைக் கொட்டினோம். மூன்று வாரம் அப்படியே கிடந்தது. நல்ல யோசனை செய்தோம் என்றுதான் நினைத்துக் கொண்டிருந்தோம்.

கொப்பரையை வாங்கிய செக்குக்காரர் மறுநாளே ஆட்டிய எண்ணெயைப் பாட்டிலில் கொண்டுவந்து கல்லா மேசையில் வைத்தார். மூடியைத் திறந்தால் புதுக் காரின் கதவைத் திறந்தது போல ஒரு வாசனை. "ஐயா, உங்க கடைச் சரக்குன்னு மூட்டையைப் பிரிச்சுக்கூடப் பார்க்காம வாங்கினேன்" என்றார். அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை; சொல்லவும் வேண்டியதில்லை. முழுவதையும் திரும்ப எடுத்துக்கொண்டு, சோப்புக்குப் போகும் எண்ணெய்க்கென்று அடிமாட்டு விலைக்குத் தள்ளினோம். குடோனுக்குப் போய்ப் பார்த்தால், கொப்பரை கிடந்த இடத்தில் ரெக்சின் விறைத்துப் பலகை மாதிரி ஆகியிருந்தது. கொப்பரை படாத ஓரங்கள் மட்டும் முன்போல மெத்தென்று இருந்தன.

ரெக்சினிலிருந்து ஏதோ ஒன்று கிளம்பிக் கொப்பரைக்குள் போயிருக்கிறது. அது என்ன என்று தெரிந்துகொள்ளாமல் நமக்குத் தூக்கம் வரவில்லை. மைத்துனருக்கு ரெக்சின் சரக்கு போடும் பிரதிநிதிகளிடமும், மணலிப் பக்கத்துக் கம்பெனிகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நண்பர்களிடமும் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறோம். மளிகைக்காரனுக்கும் கார் சீட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டும். சம்பந்தம் நிறையவே இருக்கிறது.

சூடமும் விளக்கெண்ணெயும்

ரெக்சின் என்பது முதலில் ஒரு கம்பெனியின் பெயர். இங்கிலாந்தில் மான்செஸ்டருக்குப் பக்கத்தில் ஹைடு என்ற ஊரில் இருந்த கம்பெனி அது. துணியின்மேல் நைட்ரோ செல்லுலோஸ் பூச்சு கொடுத்து, தோலின் வரிகளை அச்சாகப் பதித்து விற்றார்கள். அமெரிக்காவில் இதே வகைச் சரக்கை ஃபாப்ரிகாய்டு என்ற பெயரில் விற்ற கம்பெனியை 1910-இல் டு பான்ட் நிறுவனம் வாங்கியது. அந்தக் காலத்துக் கார்களின் சீட்டும் கூரையும் இந்தத் துணியில்தான் வந்தன. நம் அப்பா காலத்துப் பேரேடுகளின் அட்டையும் இந்தப் பரம்பரைதான்.

நைட்ரோ செல்லுலோஸ் என்பது பஞ்சை அமிலத்தில் ஊறவைத்து எடுப்பது. காய்ந்தால் சில்லுச் சில்லாக உடையும். அதை வளைய வைக்கச் சேர்த்தது என்ன தெரியுமா? சூடமும் விளக்கெண்ணெயும். இரண்டும் நம் கடை அலமாரியில் இருப்பவை. சூடம் கரையாமல் இருக்க டப்பாவில் நாலு மிளகு போட்டுவைக்கும் வழக்கம் எல்லா வீட்டிலும் உண்டு. மிளகு போட்டாலும் போடாவிட்டாலும் மூடி சரியாக இல்லையென்றால் சூடம் காற்றில் போய்விடும். துணிக்குள் இருந்த சூடமும் அப்படித்தான் போனது. அதனால்தான் பழைய பேரேட்டு அட்டைகள் முதுகில் வெடித்துப் பொடிப்பொடியாக உதிர்கின்றன.

பிறகு வந்தது பி.வி.சி. ஜெர்மனியில் ஆய்கன் பௌமான் 1872-லேயே இந்தப் பொருளைக் கண்டுவிட்டார். ஆனால் கல் போல விறைப்பானதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. 1926-இல் அமெரிக்காவில் பி.எஃப். குட்ரிச் என்ற டயர் கம்பெனியில் வால்டோ செமன் என்ற வேதியியலாளர், ரப்பரை இரும்போடு ஒட்டும் பசை ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார். பி.வி.சி.யை ஆவியாகாத ஒரு திரவத்தில் சூடாக்கிக் கரைத்து ஆறவிட்டார். பசை கிடைக்கவில்லை, கிடைத்தது ரப்பர் போல வளையும் ஒரு கட்டி. இன்றைய ரெக்சின், மழைக்கோட்டு, மின்கம்பி உறை எல்லாமே அந்தக் கட்டியின் வாரிசுகள். டயர் கம்பெனியிலிருந்து வேறொன்று கிளைப்பதும், வேறொன்றிலிருந்து டயர் கம்பெனி கிளைப்பதும் நமக்குப் புதிதல்ல. திருவொற்றியூரில் 1946-இல் ஒரு கொட்டகையில் ரப்பர் பலூன் செய்து தொடங்கியதுதானே எம்.ஆர்.எஃப்.

தமிழ்நாட்டுக்கு பி.வி.சி. வந்தது மேட்டூர் வழியாக. அதே குட்ரிச் கம்பெனியின் தொழில்நுட்பத்தோடு, இன்று கெம்பிளாஸ்ட் சன்மார் எனப்படும் நிறுவனம் 1967-இல் அங்கே பி.வி.சி. தயாரிக்கத் தொடங்கியது. இங்கேயும் மளிகைச் சரக்கு வருகிறது பாருங்கள். பி.வி.சி.யின் எடையில் நூற்றுக்கு 57 பங்கு குளோரின். குளோரின் எடுப்பது உப்பிலிருந்து. அந்த நிறுவனத்துக்கு வேதாரண்யத்தில் சொந்த உப்பளமே இருக்கிறது. மீதிப் பங்குக்கு அந்தக் காலத்தில் சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகிலிருந்து காய்ச்சிய ஆல்கஹாலைப் பயன்படுத்தினார்கள். உப்பும் சர்க்கரையும் சேர்ந்து பிளாஸ்டிக் ஆன கதை இது.

ரெக்சினுக்கு வேண்டியது குழாய்க்குப் போகும் பி.வி.சி. அல்ல, 'பேஸ்ட்' ரகம் என்ற தனி ரகம். மைதாவைவிடப் பல மடங்கு நைசான மாவு. இந்தியாவில் இதைத் தயாரிப்பவர்களை ஒரு கை விரலுக்குள் எண்ணிவிடலாம். மேட்டூரில் ஆண்டுக்கு 66,000 டன் திறன் இருந்தது. 2024-இல் கடலூரில் இன்னும் 41,000 டன் சேர்ந்தது. இருந்தும் நாட்டின் தேவைக்குப் போதவில்லை; சீனா, கொரியா, தைவான் என்று பல இடங்களிலிருந்து வருகிறது. அடிமட்ட விலைக்கு வந்து குவிகிறது என்ற புகாரின் பேரில் மத்திய அரசு 2024-இல் அதற்குத் தற்காலிகப் பொருள்குவிப்புத் தடுப்பு வரி போட்டது. ரெக்சின் விலை ஏறுவதற்கும் இறங்குவதற்கும் மாட்டுத்தோல் சந்தையைப் பார்க்க வேண்டியதில்லை. இந்த மாவின் விலையைப் பார்க்க வேண்டும்.

மாவு கரைத்து வார்ப்பது

பி.வி.சி. என்பது நீள நீளமான சங்கிலிகள். குளோரின் இருப்பதால் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொண்டு கிடக்கும். 80 டிகிரி சூடு வரும்வரை அசையாது. அந்தச் சங்கிலிகளுக்கு நடுவே ஓர் எண்ணெயைப் புகுத்தினால் பிடி தளர்ந்து ஒன்றின்மேல் ஒன்று வழுக்க ஆரம்பிக்கும். அதுதான் நம் கை உணரும் மென்மை. இந்த எண்ணெய்க்குப் பிளாஸ்டிசைசர் என்று பெயர். 100 கிலோ மாவுக்கு 60 முதல் 80 கிலோ வரை எண்ணெய் ஊற்றுகிறார்கள் என்று கேட்டபோது நமக்கே திகைப்பாக இருந்தது. நாம் ரெக்சின் என்று வாங்குவதில் கணிசமான பங்கு எண்ணெய்.

செய்முறை நம் வீட்டுத் தோசைக்குச் சமம். மாவையும் எண்ணெயையும் சூடில்லாமல் கலக்கிக் கெட்டியான கரைசலாக்குகிறார்கள். தோலின் வரி பதித்த காகிதத்தின்மேல் கத்தி விளிம்பால் மெல்லியதாக இழுத்து, அடுப்புக்குள் விட்டு வேகவைக்கிறார்கள். அது மேல்தோல். அதன்மேல் இன்னொரு கரைசல். அதில் நம் ஆப்ப சோடா போலச் சூட்டில் காற்றுக் குமிழி விடும் மருந்து கலந்திருக்கும். ஏறத்தாழ 200 டிகிரியில் அது உப்பிப் பஞ்சு போலாகும். காரில் உட்காரும்போது அமுங்கிக் கொடுப்பது இந்த நடு அடுக்கு. பிறகு பின்னல் துணியை ஒட்டி, காகிதத்தை உரித்தெடுத்தால் தோல் வரியோடு சரக்கு தயார். கடைசியாகக் கறை படியாமலும் உராய்வில் தேயாமலும் இருக்க மெல்லிய பாலியூரித்தேன் பூச்சு ஒன்று கொடுக்கிறார்கள்.

இவ்வளவும் சரி. ஆனால் எண்ணெய் சங்கிலியோடு பிணைந்திருப்பதில்லை. நடுவில் நுழைந்து நிற்கிறது, அவ்வளவுதான். சூடு பட்டால் ஆவியாகும். வேறு எண்ணெய்ப் பசையைக் கண்டால் அதற்குள் இறங்கிவிடும். நம் கொப்பரைக்குள் போனது இதுதான். செக்குக்காரரின் பாட்டிலில் மணத்தது நம் மைத்துனர் கடைச் சீட் கவரின் மென்மை.

வெயிலில் நிற்கும் கார்

நம் பகுதிக்கும் கார் சீட்டுக்கும் உள்ள உறவு பழையது. 1948-இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் ஆஸ்டின் ஏ40 கார்களைப் பூட்டியது. 1955 முதல் அது அசோக் லேலண்ட். அதே 1955-இல் என்ஃபீல்டு புல்லட் சென்னைக்கு வந்து திருவொற்றியூரில் நிலைகொண்டது. அம்பாசிடர் சீட்டும், பல்லவன் பஸ்ஸின் கிழிந்த சீட்டிலிருந்து எட்டிப்பார்த்த தேங்காய் நாரும் நம் வயதுக்காரர்களுக்கு மறக்குமா? 2010 முதல் எண்ணூர்த் துறைமுகத்திலிருந்து நிசான் கார்கள் கப்பலேறத் தொடங்கின. 2014-இல் காமராசர் பெயரைப் பெற்ற துறைமுகம் அது. வெளிநாட்டுக்குப் போகும் கார் என்றால் அதன் சீட்டும் வெளிநாட்டுச் சட்டத்துக்குக் கட்டுப்பட வேண்டும். அங்கேதான் எண்ணெயின் வண்டவாளம் வெளியே வந்தது.

நம் ஊர் வெயிலில் நிறுத்திய காரின் டாஷ்போர்டு 70 டிகிரிக்குச் சூடேறுவது சாதாரணம். மலிவான எண்ணெய் அந்தச் சூட்டில் ஆவியாகி முன்கண்ணாடியின் உட்புறத்தில் படலமாகப் படியும். துணியால் துடைத்தால் வழுவழுவென்று இழுபடும். தூசி என்று நினைத்துத் துடைப்போம். உண்மையில் அது சீட்டிலும் டாஷ்போர்டிலும் இருந்து கிளம்பிய எண்ணெய். இரவில் எதிர் லாரியின் விளக்கு பட்டால் கண்ணாடி முழுக்கப் புகைமூட்டம் போலிருக்கும். எவ்வளவு படிகிறது என்று ஆய்வுக்கூடத்தில் சூடாக்கிப் பார்க்கவே கார் கம்பெனிகள் தனிச் சோதனை வைத்திருக்கின்றன.

பல ஆண்டுகளாக எங்கும் ஊற்றியது டி.ஓ.பி. என்ற எண்ணெய். அதன் மூலப்பொருள்களில் ஒன்றான தாலிக் அன்ஹைட்ரைடு நம் ராணிப்பேட்டையிலேயே, திருமலை கெமிக்கல்ஸில் தயாராகிறது. டி.ஓ.பி. மலிவு, மாவோடு நன்றாகக் கலக்கும். ஆனால் இனப்பெருக்க உறுப்புகளைப் பாதிக்கக் கூடியது என்று ஐரோப்பா முடிவு செய்து, குழந்தைகள் விளையாட்டுச் சாமானில் எடைக்கு 0.1 சதவீதத்துக்கு மேல் கூடாது என்றது. 2015 பிப்ரவரிக்குப் பிறகு, தனி அனுமதி இல்லாமல் அங்குள்ள ஆலைகள் அதைப் பயன்படுத்தவே முடியாது. ஆகவே கார் சரக்குக்கு நீளமான, கனமான எண்ணெய்கள் வந்தன. டி.ஐ.என்.பி., டிரைமெல்லிடேட் என்று பெயர்கள். கனமான ஆள் கூட்டத்திலிருந்து சீக்கிரம் வெளியேற முடியாதல்லவா, அதுதான் சூட்சுமம். விலையும் அதற்கேற்ப ஏறும்.

இன்னொரு வழி, எண்ணெயைக் குறைத்துச் சங்கிலியையே மாற்றுவது. வினைல் அசிடேட் என்ற வேறொரு மணியைச் சங்கிலியில் இடையிடையே கோத்தால் இறுக்கம் குறையும்; கோத்த மணி ஓடிப்போகாது. நைட்ரைல் ரப்பரைக் கலப்பதும் உண்டு. சோயா எண்ணெயைப் பக்குவப்படுத்தி, சூட்டில் பி.வி.சி. கெடாமல் காக்கவும் கொஞ்சம் மிருதுவாக்கவும் சில பங்கு சேர்க்கிறார்கள். ஆக விளக்கெண்ணெயில் ஆரம்பித்து மறுபடி சமையல் எண்ணெய்க்கே வந்திருக்கிறார்கள்!

சந்தையில் மட்ட ரகம் எப்படி உருவாகிறது என்பதையும் சொல்ல வேண்டும். சுண்ணாம்புத் தூளை அதிகம் சேர்ப்பார்கள். நல்ல எண்ணெயில் பாதியைக் குறைத்து, குளோரின் ஏற்றிய பாரஃபினை ஊற்றுவார்கள். இதில் ஒரு ரகத்தை 2017-இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையில் ஒழிக்க வேண்டிய நச்சுப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். வாங்கும் அன்று கைக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். இரண்டு கோடை கழிந்தால் மடிப்பில் வெடிக்கும். மிளகாய்த்தூளில் செங்கல் பொடி கலப்பவனைத் திட்டும் நாம், நமது மினி லாரிக்கு மட்டும் இருப்பதிலேயே மலிவான சீட் கவரைக் கேட்டு வாங்குகிறோம்.

மணலிச் சரக்கும் நிஜத் தோலும்

'பி.யூ. லெதர்' என்று விற்கப்படுவது பாலியூரித்தேன். அதற்குப் பிளாஸ்டிசைசர் தேவையில்லை; மென்மை அதன் சங்கிலியிலேயே இருக்கிறது. எனவே விறைக்காது. இதன் குடும்பத்துக்கு மூலமான பாலியால் என்ற பொருள் நமக்கு வடமேற்கே கூப்பிடு தூரத்தில் மணலியில் தயாராகிறது. 1969-இல் உற்பத்தி தொடங்கிய மெட்ராஸ் ரிஃபைனரீஸிலிருந்து, அதாவது இன்றைய சி.பி.சி.எல்.லிலிருந்து, புரொப்பிலீன் வாயு போகிறது. 1986-இல் நிறுவப்பட்ட மணலி பெட்ரோகெமிக்கல்ஸ் அதைப் பாலியாலாக்குகிறது. மெத்தை, கார் சீட்டின் உள் ஃபோம் எல்லாம் அதிலிருந்து கிடைப்பவை. சரக்கு ஊரெல்லாம் போகிறது. புகையும் கழிவும் நம் பக்கமே தங்குகின்றன. 2023 டிசம்பர் புயல் மழையில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படிந்து மீனவர் வலையும் படகும் கறுத்ததை நாம் நேரில் பார்த்தோம். கட்டுமரக்காரர்கள் எத்தனை பேர் அந்த மாதம் நம் கடைகளில் கடன் வைத்தார்கள் என்பது உங்கள் பேரேட்டிலும் இருக்கும்.

பி.யூ.வுக்கும் ஒரு சத்துரு உண்டு: ஈரம். பாலியெஸ்டர் வகைப் பாலியாலில் செய்த பி.யூ., ஈரக்காற்றில் சங்கிலி அறுந்து மேல்தோல் செதில் செதிலாக உரியும். கடலோரத்தில் இருக்கும் நமக்கு இது பெரிய தொல்லை. நம் வீட்டு சோபா நாலாவது வருடம் பாம்புச் சட்டை உரிப்பது போல உரிந்தது. பாலியீதர் அல்லது பாலிகார்பனேட் வகையில் செய்தால் ஈரத்தைத் தாங்கும். அது விலை கூட, கேட்டால்தான் காட்டுவார்கள்.

நிஜத் தோல் மட்டும் தானாக மிருதுவாக இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். பதனிட்ட தோலை அப்படியே காயவிட்டால் தகடாகிவிடும். ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் அதற்குள் எண்ணெய்க் குழம்பைச் செலுத்தித்தான் மென்மையாக்குகிறார்கள். அந்தக் குழம்பைத் தயாரிக்கும் பாமர் லாரி ஆலையும் மணலியில்தான் உள்ளது. மாடு கொடுத்தாலும் மேட்டூர் கொடுத்தாலும் மென்மை என்பது நாம் சேர்த்த எண்ணெய்தான்.

செயற்கை என்றால் மட்டம் என்பதும் சரியல்ல. மெர்சிடஸ் பென்ஸ் கம்பெனி எம்.பி.-டெக்ஸ் என்ற பெயரில் பி.வி.சி. சீட்டையே போட்டது, உலகெங்கும் டாக்சிகளில் பல்லாண்டு உழைத்துப் பெயர் வாங்கிய சரக்கு அது. கலவை நன்றாக இருந்தால் உழைக்கும்.

கடைக்கு ஆகும் விஷயங்கள்

எண்ணெய்ப் பசையுள்ள சரக்கு எதையும் ரெக்சின்மீதோ மிருதுவான பி.வி.சி. விரிப்பின்மீதோ நேரடியாகப் போடாதீர்கள். கொப்பரை, எள், வேர்க்கடலை, முந்திரி, நெய், ஊறுகாய் எதுவானாலும் இதே கதைதான். பொட்டலமாகட்டும் விரிப்பாகட்டும், உணவைத் தொடும் பொருள் உணவுத் தரமுள்ளதாக இருக்க வேண்டும் என்று 2018-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புப் பேக்கேஜிங் விதிகளே சொல்கின்றன. ஆய்வாளர் மாதிரி எடுத்தால் பதில் சொல்ல வேண்டியவர் ரெக்சின் விற்றவர் அல்ல. கொப்பரை விற்ற நாம்.

நிஜத் தோலா என்று பார்க்கக் கொளுத்திப் பார்க்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. கடைக்குள் செய்யாதீர்கள். பி.வி.சி. எரிந்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலப் புகை வரும், நெஞ்சை அடைக்கும். வெட்டிய ரெக்சின் துண்டுகளைக் குப்பையோடு எரிப்பதும் கூடாது. வெட்டிய விளிம்பைத் திருப்பிப் பார்த்தாலே போதும், பின்னல் துணியும் நுரை அடுக்கும் தெரிந்தால் அது தோல் இல்லை.

மைத்துனரிடம் இத்தனையும் சொன்னபோது முதலில் சிரித்தார். "அத்தான், சீட் கவர் வாங்க வர்றவங்க கலரும் தையலும்தான் பார்க்கிறாங்க. எண்ணெய் என்னன்னு எவன் கேக்கிறான்?" என்றார்.

"மாப்பிள்ளை, அவங்க கேக்கலேன்னா நீங்க கேளுங்க. கொள்முதல் நீங்கதானே பண்றீங்க" என்றோம்.

ஒரு வாரம் கழித்து அவரே போன் செய்தார். ஒரு சப்ளையரிடம் என்ன எண்ணெய், கண்ணாடியில் படலம் படியும் சோதனை அறிக்கை உண்டா என்று கேட்டாராம். அவர் பேச்சை மாற்றிவிட்டாராம். இன்னொருவர் மறுநாளே அறிக்கையை அனுப்பினார். விலையும் கூடச் சொன்னார். இப்போது மைத்துனர் கடையில் இரண்டு ரகமும் இருக்கின்றன. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று சொல்லியே விற்கிறார். பில்லில் 'லெதர் சீட்' என்று எழுதுவதையும் நிறுத்திவிட்டார். தோல் இல்லாததைத் தோல் என்று எழுதிக் கொடுத்தால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி அது வழக்குக்கு இடமாகும் என்று யாரோ வக்கீல் வாடிக்கையாளர் எச்சரித்தாராம். 'பி.வி.சி. ரெக்சின்' என்றோ 'பி.யூ.' என்றோ எழுதுகிறார். வியாபாரம் ஒன்றும் குறைந்துவிடவில்லை என்கிறார். முதல் இரண்டு மாதம் கொஞ்சம் மந்தமாக இருந்ததை நாம் கேட்டால்தான் ஒப்புக்கொள்வார்.

செக்குக்காரர் திரும்பி வர எட்டு மாதம் ஆனது. இப்போது மூட்டையைப் பிரித்து, ஒரு கொப்பரையை உடைத்து முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் எடை போடச் சொல்கிறார். அந்த ரெக்சினில் ஒரு முழத் துண்டை வெட்டிக் கல்லாவுக்குக் கீழே வைத்திருக்கிறோம். கொப்பரை பட்ட பாதி அப்பளம் போல ஒடிகிறது. மற்றப் பாதி இன்னும் ஓரளவு மடிகிறது. பார்க்க விரும்பும் அன்பர்கள் கடைக்கு வரலாம்.